வக்கீல் கேஸே போடவில்லை, கெடு முடிந்துவிட்டது. வக்கீல் மேல் நுகர்வோர் கோர்ட்டில் போகலாமா?

மழைக்காலம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்தார்கள். மொத்த பில் 1.80 லட்சம். வீட்டுக்கு வந்ததிலிருந்தே வயிற்று வலி, காய்ச்சல், அப்புறம் கண்ணெல்லாம் மஞ்சள். திரும்பக் கூட்டிக்கொண்டு போனபோதெல்லாம் வாயுத் தொல்லைதான், சரியாகிவிடும் என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள், ஒரு ஸ்கேன்கூட எடுக்கவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் பித்தக்குழாய் அறுபட்டிருக்கிறது என்று சொன்னார்கள். வயிற்றைத் திறந்து குழாயைக் குடலோடு இணைத்து, அம்மா பிழைத்து வந்ததே பெரிய விஷயம்.

தெரிந்தவர் மூலமாக ஒரு வக்கீலைப் பார்த்தோம். ஃபீஸ் தனி, கோர்ட் ஃபீஸ் என்று 25,000 தனி, எல்லாம் ஜிபேயில் கொடுத்தது. அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் வாட்ஸ்அப்பில் பதில் வரும்: "நம்பர் ஆகிவிட்டது" (கேஸ் பதிவாகி எண் விழுந்துவிட்டதாம்), "நோட்டீஸ் போயிருக்கிறது", "எதிர்தரப்பு வாய்தா வாங்கியிருக்கிறார்கள்". போன மாதம் தம்பி நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் அம்மா பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் போட்டுத் தேடினான். அப்படி ஒரு கேஸே இல்லை. நேரில் போய்க் கேட்டால் ஜூனியரிடம் கொடுத்தேன், ஏதோ குறை சொல்லி ரிட்டர்ன் ஆகியிருக்கும், திரும்பப் போட்டுவிடலாம் என்கிறார். முதல் ஆபரேஷன் நடந்து இப்போது இரண்டு வருடம் ஐந்து மாதம். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம்தான் கெடு என்கிறார்கள்.

என் கேள்விகள்: இந்த வக்கீல் மேல் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் கோர்ட்டில் போகலாமா? ஆஸ்பத்திரி மேல் போட வேண்டிய கேஸ் அவ்வளவுதானா? பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறார், அதில் அம்மாவின் ஒரிஜினல் ரிப்போர்ட் எல்லாம் இருக்கிறது. என்ன செய்வது?


சும்மா_ஒருவன்:

வக்கீல் மேல் நுகர்வோர் கோர்ட்டா? 2024-லேயே சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. டாக்டர் தப்பு செய்தால் நுகர்வோர் கோர்ட், எலக்ட்ரீஷியன் தப்பு செய்தால் நுகர்வோர் கோர்ட், வக்கீல் தப்பு செய்தால் மட்டும் அது "தனித்துவமான தொழில்". தீர்ப்பு எழுதுகிறவர்களும் ஒரு காலத்தில் கருப்புக் கோட்டு போட்டவர்கள்தானே. விட்டுவிட்டு அம்மாவைப் பாருங்கள் சார், இதில் அலைந்தால் இன்னும் நாலு வக்கீலுக்குத்தான் பணம் போகும்.


கீழ்க்கோர்ட்_வக்கீல்:

மேலே நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் கேட்டுவிட்டு நிறையப் பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நுகர்வோர் கோர்ட் கதவு சாத்தியது உண்மை. 2024 மே 14, டி.கே. காந்தி வழக்கு. வக்கீல் கட்சிக்காரரின் கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்கிறார், அது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம், ஆகவே நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றார்கள். (கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் வக்கீல்! என் சீனியர் இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தார்.) ஆனால் அதே தீர்ப்பிலேயே, தொழில் செய்கிறவர்கள் மேல் வழக்கே போட முடியாது என்று நாங்கள் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இதை யாரும் பார்வர்ட் செய்வதில்லை.

வக்கீல் மேல் சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்டுத் தாராளமாக வழக்குப் போடலாம். இது புதிதும் இல்லை. 1926-ஆம் வருட லீகல் பிராக்டிஷனர்ஸ் ஃபீஸ் சட்டம், 5-ஆம் பிரிவு: வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காக, கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கான வழக்கிலிருந்து யாரும் தப்பிக்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஆனால் மேடம் (அல்லது சார், பெயரைப் பார்த்தால் தெரியவில்லை), வக்கீல் மேல் உள்ள கோபத்தை ஒரு ஓரமாக வையுங்கள். உங்களுக்கு இப்போது அவசரம் வேறு. இரண்டு வருடம் ஐந்து மாதம் என்றீர்களே, அதுதான் இந்தத் திரியிலேயே முக்கியமான தகவல்.

இரண்டு வருடம் என்பது நுகர்வோர் சட்டத்தின் கெடு, 2019 சட்டம் 69-ஆம் பிரிவு. அதுவும் இரும்புக் கதவு இல்லை, போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. ஆஸ்பத்திரி மேல் சாதாரண சிவில் வழக்காகப் போட்டால் லிமிடேஷன் சட்டப்படி (வழக்குப் போடும் கெடுவைச் சொல்லும் சட்டம்) மூன்று வருடம். அம்மா உயிரோடு இருப்பதால் இந்த மூன்று வருடம். நோயாளி இறந்து, குடும்பம் அதற்காக நஷ்ட ஈடு கேட்டால் அங்கே இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான். ஆக உங்களுக்கு இன்னும் ஏழு மாதம் மிச்சம் இருக்கிறது. முதல் ஆபரேஷன் தேதியிலிருந்தே எண்ணுங்கள், குழாய் அறுபட்டது தெரிந்த தேதியிலிருந்து எண்ணலாமே என்று ஆசைப்படாதீர்கள். வயிற்றுக்குள் துணி வைத்துத் தைத்த ஒரு வழக்கில் 1993-இல் ஆபரேஷன், 2002-இல்தான் துணி வெளியே வந்தது. தெரிந்த நாளிலிருந்துதான் கெடு என்ற வாதத்தைச் சுப்ரீம் கோர்ட் 2010-இல் விவாதித்துவிட்டு, ஒன்பது வருடம் வலி இருந்தும் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டு, காலம் கடந்தது என்று அந்த அம்மாவின் புகாரைத் தள்ளிவிட்டது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். நீங்கள் நுகர்வோர் ஆணையத்தில் தாமத மன்னிப்பு மனுவோடு போடுகிறீர்கள். அது ஒரு வருடம் கிடக்கிறது. கடைசியில் மன்னிக்க முடியாது என்று தள்ளுகிறார்கள். சரி, சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று திரும்பினால் அங்கே மூன்று வருடமும் முடிந்திருக்கும். அதிகார வரம்பு இல்லாத கோர்ட்டில் செலவான காலத்தைக் கழித்துக்கொள்ள லிமிடேஷன் சட்டத்தில் 14-ஆம் பிரிவு உண்டு, ஆனால் நீங்கள் தாமதமாகப் போனதற்காகத் தள்ளப்பட்டால் அது கை கொடுக்காது. சிவில் வழக்குக்கு ஒரு நாள் தாமதமானாலும் மன்னிப்பு மனு போட வழியும் கிடையாது, மன்னிப்புக்கு வழி தரும் லிமிடேஷன் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அப்பீலுக்கும் மனுவுக்கும்தான். எது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டும். நான் என்றால் சிவில் வழக்குதான் போடுவேன். தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், 20 லட்சம் கேட்டால் 60,000 கட்ட வேண்டும். முன்பு 7.5 சதவீதமாக இருந்தது.

கேஸ் கட்டு விஷயம்: பாக்கி ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. ஆர்.டி. சக்சேனா வழக்கு, 2000. ஒரு பதிவுத் தபால் போடுங்கள், அந்தத் தீர்ப்பின் பெயரை எழுதி. பெரும்பாலும் அதிலேயே கட்டு வந்துவிடும்.

இன்னொன்று, கடைசியாக. பில் 1.80 லட்சம் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கோர்ட் ஃபீஸ் எவ்வளவு தெரியுமா? ஒன்றுமே இல்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நீங்கள் எத்தனை லட்சம் நஷ்ட ஈடு கேட்டாலும் சரி, 2019 சட்டத்தில் கணக்குப் பார்ப்பது நீங்கள் கொடுத்த தொகையை வைத்துத்தான். "கோர்ட் ஃபீஸ்" என்று குறிப்பிட்டு 25,000 அனுப்பியிருந்தால் அந்த ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டைப் பத்திரமாக வையுங்கள்.


மழைக்காலம்:

சார், மிக்க நன்றி. (மேடம்தான்.) ஜிபேயில் "கோர்ட் ஃபீஸ்" என்றே டைப் செய்து அனுப்பியிருக்கிறேன், இப்போதுதான் பார்த்தேன். அவர் கட்டைவிரல் எமோஜி வேறு போட்டிருக்கிறார்.


ஸ்டெத்_மாட்டியவன்:

நான் சர்ஜன். இந்த ஆபரேஷனை வாராவாரம் செய்கிறவன், அதனால் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

பித்தப்பை லேப்ராஸ்கோப்பியில் பித்தக்குழாயில் காயம் என்பது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும் சிக்கல். ஆயிரத்தில் சிலருக்கு, நல்ல கைகளிலும் நடக்கும். வீக்கம் அதிகமாக இருந்தால், குழாய்களின் அமைப்பு மாறியிருந்தால், பொதுக்குழாயைப் பித்தப்பைக் குழாய் என்று நினைத்துக் க்ளிப் போட்டுவிட முடியும். ஒப்புதல் படிவத்திலும் இது அச்சாகியிருக்கும், நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆஸ்பத்திரி தரப்பு முதலில் அதைத்தான் நீட்டும். குழாய் அறுபட்டது, அதனாலேயே கவனக்குறைவு என்று மட்டும் வழக்கைக் கட்டினால் பாதி வழியில் சரிந்துவிடும்.

உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது அதற்கு அப்புறம் நடந்தது. ஆபரேஷன் முடிந்து காய்ச்சல், வலி, மஞ்சள். இந்த மூன்றும் சேர்ந்து வந்த நோயாளிக்கு ரத்தத்தில் பிலிருபினும் (மஞ்சள் காமாலைக்குப் பார்க்கும் டெஸ்ட்), வயிற்றுக்கு ஒரு ஸ்கேனும் எடுக்காமல் வாயு மாத்திரை எழுதியதற்கு என்ன விளக்கம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதை எந்த நிபுணரிடம் கேட்டாலும் பதில் சொல்லச் சங்கடப்படுவார். ஆகவே அந்த அவுட்பேஷன்ட் சீட்டுகள்தான் உங்கள் ஆயுதம். தேதி, நேரம், என்ன எழுதினார்கள் என்பது. அப்புறம் ஆபரேஷன் நோட்ஸ், வீடியோ பதிவு இருந்தால் அது. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டு தர வேண்டும், ஆனால் மூன்று வருடம் வரைதான் வைத்திருக்கச் சொல்கிறது விதி. அந்தக் கெடுவும் உங்களுக்கு நெருங்குகிறது. வக்கீலிடம் உள்ள கட்டுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கே இன்று கடிதம் எழுதுங்கள்.

சும்மா_ஒருவன் சாருக்கு: டாக்டர் மேல் மட்டும் நுகர்வோர் கோர்ட் போகலாம் என்பது எனக்கும் எரிச்சல்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. 1995-இல் டாக்டர்களான எங்களை நுகர்வோர் சட்டத்தில் சேர்த்தபோது சொன்ன காரணங்கள் எல்லாம் வக்கீலுக்கும் அப்படியே பொருந்தும்.


தாமரைக்குளம்:

ஒரு நிமிடம். நான் ஏஐயிடம் கேட்டேன். 2024 நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த மே மாதத் தீர்ப்பை மாற்றிவிட்டது, இப்போது வக்கீல்களும் நுகர்வோர் சட்டத்தில் வருவார்கள் என்கிறது. கூடவே 2025-இல் ஒரு மாநில ஆணையம் வக்கீலுக்கு 12 லட்சம் அபராதம் போட்ட வழக்கு எண்ணும் தருகிறது. யாராவது சரிபார்க்க முடியுமா?


கீழ்க்கோர்ட்_வக்கீல்:

சரிபார்த்தேன். அந்த வழக்கு எண்ணில் அப்படி ஒரு வழக்கே இல்லை.

நவம்பர் 2024 விஷயம் உண்மையில் நடந்தது, ஆனால் தலைகீழாகச் சொல்கிறது உங்கள் ஏஐ. மே மாதத் தீர்ப்பில் இரண்டு நீதிபதிகள் வக்கீல்களை வெளியே விட்டதோடு நிற்காமல், டாக்டர்களைச் சேர்த்த 1995 சாந்தா வழக்கையும் பெரிய அமர்வு மறுபடி பார்க்க வேண்டும் என்று அனுப்பினார்கள். டாக்டர்கள் சங்கமெல்லாம் நம்பிக்கையோடு இருந்தது. நவம்பரில் மூன்று நீதிபதிகள், வக்கீல் வழக்கை முடிக்க அந்தக் கேள்வியே தேவைப்படவில்லையே, எதற்கு அனுப்பினீர்கள் என்று அதை முடித்துவிட்டார்கள். ஆகவே டாக்டர் உள்ளே, வக்கீல் வெளியே. இன்றைக்கு நிலைமை அதுதான்.

தாமரை, உங்களைக் குறை சொல்லவில்லை, கேட்டுவிட்டுத்தானே போட்டீர்கள். ஆனால் வக்கீல்களே இதைச் செய்கிறார்கள் என்பதுதான் இப்போது எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான கம்பெனி வழக்கில் இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்கு 5,000 டாலர் அபராதம். இங்கே பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம், இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டித் தானே போட்ட உத்தரவைத் திரும்பப் பெற்றது. நாளைக்கு ஒரு கட்சிக்காரர், என் வக்கீல் ஏஐ எழுதியதைப் படித்துக்கூடப் பார்க்காமல் தாக்கல் செய்தார், அதனால் தோற்றேன் என்று வழக்குப் போட்டால் அந்த வக்கீலுக்கு என்ன எதிர்வாதம் இருக்க முடியும், எனக்குத் தோன்றவில்லை.


எதிர்தரப்பு:

நான் இருபது வருடமாக ஆஸ்பத்திரிகளுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் ஆஜராகிற வக்கீல். மழைக்காலம் மேடம், உங்கள் கேஸ் வந்தால் எதிரில் நிற்கப் போவது என்னைப் போல ஒருத்தர்தான், அதனால் நான் எதைப் பார்த்துப் பயப்படுவேன் என்று சொல்கிறேன்.

கீழ்க்கோர்ட் சாரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். சிவில் வழக்கு என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். நிபுணர் சாட்சி, குறுக்கு விசாரணை, இடைக்கால மனு, அதற்கு ரிவிஷன் என்று பத்து வருடம் ஓட்டலாம். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து மாதத் தாமதம் என்பது ஒன்றும் மலை இல்லை. நம்பர் ஆகிவிட்டது, நோட்டீஸ் போயிருக்கிறது என்று வக்கீலே எழுதிய வாட்ஸ்அப் தேதியோடு இருக்கிறது. வக்கீல் மேல் பழி போட்டு எல்லாரும் தப்பிக்க முடியாது, கட்சிக்காரரும் விழிப்பாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில்கூட சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் மாதாமாதம் விசாரித்துக்கொண்டிருந்தவரை விழிப்பாக இல்லை என்று எப்படிச் சொல்வது? நான் எதிர்த்து வாதாடுவேன், தோற்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிபுணர் கருத்தும் அங்கே எல்லா வழக்குக்கும் கட்டாயம் இல்லை, 2010 கிஷன் ராவ் தீர்ப்பு இருக்கிறது. பொறி பற்றி அவர் சொன்னது சரி, ஆகவே போட்டவுடன் தாமத மன்னிப்பு மனுவை முதலில் எடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள், அந்த ஏழு மாதத்துக்குள் முடிவு வாங்கப் பாருங்கள். மனு தள்ளப்பட்டால் மீதி நாளில் சிவில் கோர்ட். வாட்ஸ்அப்பை ஆவணமாகப் போடும்போது மின்னணு ஆவணங்களுக்கான புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நான் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டிவிடுவேன்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன், யாரும் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. வக்கீல் மேல் சிவில் வழக்குப் போட்டால், அவர் கேஸ் போடவில்லை, பொய் சொன்னார் என்று நிரூபிப்பது சுலபம். அதோடு முடியாது. அவர் ஒழுங்காகக் கேஸ் போட்டிருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள் என்றும் காட்ட வேண்டும். ஜெயித்திருந்தால் இவ்வளவு பணம் வந்திருக்கும் என்றும் காட்ட வேண்டும். அதாவது வக்கீல் வழக்குக்குள்ளே அந்த மருத்துவ வழக்கை முழுசாக நடத்தியாக வேண்டும், ஆஸ்பத்திரி கட்சியாக இல்லாமலேயே. அன்றைக்கு அந்த வக்கீலுக்காக ஆஜராகிறவர் எழுந்து நின்று, பித்தக்குழாய் காயம் என்பது தெரிந்த சிக்கல், இந்தக் கேஸ் எப்படியும் தோற்றிருக்கும், ஆகவே என் கட்சிக்காரர் கேஸ் போடாததால் நஷ்டமே இல்லை என்பார். ஆஸ்பத்திரி சொல்ல வேண்டியதை உங்கள் சொந்த வக்கீலே சொல்வார். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் உலகம் முழுக்க இப்படித்தான்.

இன்னொரு கணக்கு. ஆஸ்பத்திரி மேல் கேஸ் காப்பாற்றப்பட்டுவிட்டால் வக்கீலால் உங்களுக்கு வந்த நஷ்டம் சுருங்கிவிடும்: வாங்கிய ஃபீஸ், அந்த 25,000, கூடுதல் செலவு, அலைச்சல். காப்பாற்ற முடியாமல் போனால்தான் முழுத் தொகை. ஆகவே வக்கீல் மேல் வழக்கு இரண்டாவது. அதற்குக் கெடு மூன்று வருடம், நுகர்வோர் கெடு தவறிய நாளிலிருந்து வைத்துக்கொண்டாலும் நேரம் இருக்கிறது. போட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி மறைத்ததால் லிமிடேஷன் சட்டம் 17-ஆம் பிரிவும் உங்கள் பக்கம்.

ஆஸ்பத்திரி தரப்பு வக்கீல்களுக்கும் இந்தப் பயம் உண்டு. நுகர்வோர் வழக்கில் பதில் போட 30 நாள், கூட 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 46-ஆம் நாள் பதிலோடு போய் நிற்கிற வக்கீல், ஒரு சர்ஜனின் மொத்த எதிர்வாதத்தையும் தொலைத்துவிட்டு நிற்கிறார். அந்த சர்ஜன் அப்புறம் யார் மேல் வழக்குப் போடுவார்?


கருப்பு_கோட்டு_புதுசு:

சார், நான் வக்கீலாக என்ரோல் ஆகி இரண்டாவது வருடம். இதைப் படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் சீனியர் ஆபீஸில் தாக்கல், ரிட்டர்ன், ரீ-ப்ரெசன்ட் (குறை சரிசெய்து திரும்பப் போடுவது) எல்லாம் ஜூனியர்கள்தான். ஒரு கெடு தவறினால் என் மேல் வருமா, சீனியர் மேலா? டாக்டர்கள் எடுப்பது போல நாமும் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?


எதிர்தரப்பு:

வக்காலத்தில் (கட்சிக்காரர் வக்கீலுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரும் அதிகாரப் பத்திரம்) யார் பெயர் இருக்கிறதோ, யாரிடம் கட்சிக்காரர் ஃபீஸ் கொடுத்தாரோ, அவர் பக்கம்தான் முதலில் திரும்பும். "ஜூனியரிடம் கொடுத்தேன்" என்பது சீனியருக்குத் தற்காப்பே இல்லை. ஆனால் வக்காலத்தில் உன் பெயரும் சேர்ந்து இருந்தால் நீயும் கூண்டில்தான் தம்பி. கையெழுத்துப் போடும் முன் படி.

இன்சூரன்ஸ் இங்கே கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்குக் கட்டாயம், அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் எழுபதுகளின் கடைசியிலிருந்து கட்டாயம். நம் ஊரில் பாலிசி கிடைக்கிறது, எடுப்பவர்கள் குறைவு. எடுத்தால் ஒரு விஷயம் கவனி: இவை பெரும்பாலும் புகார் வருகிற தேதியைப் பார்க்கிற பாலிசி, தப்பு நடந்த தேதியை இல்லை. இந்த வருடம் தவறிய கெடுவுக்கு மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால், அன்றைக்குப் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் பிரீமியம் கட்டாமல் விட்டால் பழையதெல்லாம் போச்சு. அப்புறம், நோட்டீஸ் வந்ததும் கம்பெனிக்குச் சொல்லாமல் நீயே கட்சிக்காரரிடம் போய் சமாதானம் பேசினாலும் கம்பெனி கையை விரித்துவிடும். டாக்டர்களும் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள், ஆஸ்பத்திரி மேனேஜர் நோட்டீஸை மேஜை டிராயரில் வைத்துவிடுவார், பாலிசி புதுப்பித்த பிறகு அது வெளியே வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டைரி வை. ஒவ்வொரு கட்டிலும் கெடு தேதியைச் சிவப்பு மையில் எழுது. நீ எடுக்காத கேஸையும் எழுத்தில் சொல்லு: இந்தக் கேஸை நான் எடுக்கவில்லை, இந்தத் தேதிக்குள் வேறு வக்கீலைப் பாருங்கள் என்று ஒரு மெசேஜ். கல்யாணத்தில் பார்த்து ரிப்போர்ட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனவர்கூட, பின்னால் நான் வக்கீலிடம் கொடுத்தேனே என்பார்.


சும்மா_ஒருவன்:

பார் கவுன்சிலில் புகார் கொடுப்பது பற்றி யாரும் பேசவில்லையே. பயனில்லை என்பதாலா, அல்லது நீங்கள் எல்லாரும் வக்கீல்கள் என்பதாலா?


கீழ்க்கோர்ட்_வக்கீல்:

நியாயமான கேள்வி. வக்கீல்கள் சட்டம் 35-ஆம் பிரிவில் மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். வெறும் கவனக்குறைவு என்றால் அங்கே பெரிதாக எடுக்க மாட்டார்கள், ஆனால் போடாத கேஸை நம்பர் ஆகிவிட்டது என்று சொன்னதும், இல்லாத கோர்ட் ஃபீஸுக்குப் பணம் வாங்கியதும் வேறு ரகம், அது நடத்தை சம்பந்தப்பட்டது. கண்டிப்பு, தொழில் செய்யத் தடை, பெயர் நீக்கம் வரை போகலாம். ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் டெல்லியில் இருக்கிற இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும், அதிலும் இழுக்கும். நஷ்ட ஈடு அங்கே கிடைக்காது, அதனால்தான் முதலில் சொல்லவில்லை. நாங்களே நீதிபதி, நாங்களே குற்றவாளி என்ற உங்கள் குத்தலுக்கு என்னிடம் பதில் இல்லை. நுகர்வோர் கோர்ட்டிலிருந்து எங்களை வெளியே விட்ட பிறகாவது அந்தக் கமிட்டிகள் வேகமாக வேலை செய்திருக்க வேண்டும்.


மழைக்காலம்:

இரண்டு கேள்வி மட்டும், அப்புறம் தொந்தரவு செய்யவில்லை. புது வக்கீல் வைக்கப் பழைய வக்கீலிடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்க வேண்டுமா? அதே கோர்ட்டில் இருக்கிற யாரும் அவருக்கு எதிராக எடுக்க மாட்டார்கள் என்கிறார்கள், உண்மையா?


கீழ்க்கோர்ட்_வக்கீல்:

கேஸே தாக்கல் ஆகவில்லை, அவர் பெயரில் எந்தக் கோர்ட்டிலும் வக்காலத்து இல்லை. எதற்கு என்ஓசி? நேராகப் புது வக்கீலைப் பாருங்கள். அவருக்கு எதிராக எடுக்கத் தயங்குவது உண்மைதான், பக்கத்து மாவட்டத்தில் ஒருவரைப் பாருங்கள். ஆனால் ஆஸ்பத்திரி மேல் போடும் கேஸுக்கு அந்தத் தயக்கம் யாருக்கும் வராது, தாமத மன்னிப்பு மனுவில் மட்டும் பழைய வக்கீலின் கதையை எழுத வேண்டியிருக்கும். ஆணையத்தில் நீங்களே நேராக ஆஜராகலாம், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். எதிர்தரப்பு சார் சொன்ன வழியிலேயே போங்கள், அவர் பயப்படுகிற இடம் எது என்று அவருக்குத்தானே தெரியும். கட்டு கேட்டு எழுதுகிற கடிதத்தையும், ஆஸ்பத்திரிக்கு ரெக்கார்டு கேட்டு எழுதுகிற கடிதத்தையும் ஒரே நாளில் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு. கட்டில் என்னென்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாது என்றால் "அம்மாவின் சிகிச்சை சம்பந்தமாக உங்களிடம் ஒப்படைத்த அனைத்து ஆவணங்களும்" என்று எழுதினால் போதும்.